சைலன்சருக்குள் சல்லடை

சகினா,

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. நேற்று கிண்டியிலிருந்து ஈக்காட்டுத்தாங்கல் வரை டாக்சியைத் தள்ளினேன்.

நீ தேடி ஓய்ந்த மாவுச் சல்லடை கிடைத்துவிட்டது. எடுத்தவன் நான்தான். புகைச் சோதனையில் டீசல் கரி வெளியே தெரியக்கூடாது என்று அதை வளைத்துச் சைலன்சருக்குள் திணித்தேன். ஒரு நாள் புகையே இல்லை. மறுநாள் கரி அடைத்து வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது.

அந்த வழியாக வந்து கூடத் தள்ளியவன் உன் தம்பி இத்ரீஸ். ஒர்க்‌ஷாப்பில் சைலன்சரைக் கழற்றியதும் அவன்தான் சல்லடையை உருவி, விளிம்பில் வெட்டியிருந்த பெயரைப் படித்தான். "இன்னா மச்சான், அக்கா பேரு கீது!"

இன்று மதியம் அவனைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். கறியில் நல்ல துண்டாகப் பார்த்துப் போடு. அவன்தான் சல்லடையைத் தூக்கிக்கொண்டு போனான் என்று நான் மூன்று நாளாகக் கத்தியதை மட்டும் சொல்லிவிடாதே. நான் சல்லடை இல்லாமலே சோதனைக்குப் போகிறேன். புகைந்தால் புகையட்டும்.

பி.கு.: வாசலில் கிடக்கும் பழைய சல்லடையைத் தேய்க்காதே, கரி போகாது. குளக்கரைக் கடையில் புதிதாக வாங்கி, உன் பெயரை வெட்டிக் கொண்டுவருகிறேன்.

இன்னொன்று. நீ சொல்லாவிட்டாலும், உன் தம்பியிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி இருக்கிறது.