ரேடியேட்டரில் கிடந்த மஞ்சள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். போன மாதம் அம்மா உன்னைப் பார்க்க வந்தபோது நீ மெலிந்திருந்தாலும் பல் தெரியச் சிரித்தாய் என்று சொன்னாள். அது அம்மாவுக்காகச் சிரித்த சிரிப்பு என்று எனக்குத் தெரியும். முதுகு வலி எப்படி இருக்கிறது? அந்த ஜெயில் சிமெண்டுத் தரையில் ஒற்றைப் போர்வையில் படுக்காதே. இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள். கேட்பதற்குக் கூச்சப்படாதே என்று நான் போய் உனக்கு எழுதுகிறேன் பார், எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

இங்கே அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. வாய் மட்டும் பழையபடி ஓடுகிறது. பதினெட்டாம் தேதி உன் வாய்தா. தீர்ப்புக்கு முன்னால் நீதிபதி உன்னை நேராகக் கேட்கப்போவது அன்றைக்குத்தான், அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் ஏறாது என்று வக்கீல் சொல்கிறார். அதனால்தான் அதற்கு முன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வண்டிச் செய்தி. ஏழு மாதம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்ற நம் எருமை லாரியை ஒருவழியாக விட்டுவிட்டார்கள். டயர் இரண்டு தரையோடு ஒட்டிப்போயிருந்தது. வண்டியைச் சோதித்த அதிகாரி எழுதிய காகிதத்தின் நகலையும் கொடுத்தார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை, ஆயிலும் டீசலும் பல இடத்தில் ஒழுகுகிறது, ஓடத் தகுதியில்லாத லாரியை ஓட்டி வந்து, அது கொதித்து நின்றதும் வளைவில் ஆள் காவல் இல்லாமல் விட்டுவிட்டு ஓட்டுநர் போய்விட்டார், அதனால்தான் மோட்டார் சைக்கிளில் வந்தவர் பின்னால் மோதி இறந்தார் என்று அதில் இருக்கிறது. அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒழுக்கு அத்தனையையும் அடைத்து வண்டியை இனி நானே ஓட்டுகிறேன் என்று சொன்னார். அவர் கால் கிளட்சை முழுதாக அமுக்காது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். 

அப்பாவால் வண்டிக்கு அடியில் படுக்க முடியாது. அதனால் படுத்தது நான். இறுகிப்போன நட்டுகளைக் கழற்ற மட்டும் சோடாபுட்டி மெக்கானிக் வந்தார். அவர் என்னிடம் நேராகப் பேசமாட்டார், கையில் இருக்கிற ஸ்பேனரைப் பார்த்துப் பேசுவார். நானும் ஸ்பேனரைப் பார்த்தே பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அடியெல்லாம் ஒரே கறுப்பு. டீசல் ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்த்துத் துடைத்து, காய்ந்ததும் இன்ஜின் முழுக்க என் முகப் பவுடரைத் தூவினேன். அரைமணி நேரம் ஓடவிட்டால் நனைந்த இடம் தனியாகத் தெரிந்துவிடும். அப்பா அதைப் பார்த்துவிட்டு எருமையை யாராவது பெண் பார்க்க வருகிறார்களா என்று கேட்டார். சோடாபுட்டி கூட ஸ்பேனரைப் பார்த்துச் சிரித்தார். டேப்பெட் மூடியின் பேக்கிங் அப்பளம் மாதிரி நொறுங்கி வந்தது. ஸ்டியரிங் ஹோஸ் வியர்த்திருந்தது. டீசல் திரும்பி வரும் குழாயில் வாஷர் தேய்ந்திருந்தது. வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டியது, கையால் ஆட்டினால் அதன் தண்டே ஆடியது. எல்லாம் மாற்றியாகிவிட்டது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள், பேன் பெல்ட், ரேடியேட்டர் மூடி, எல்லாமே புதுசு.

இன்ஜின் சூடேறினால் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் என்ற ஒன்று நம் வண்டியில் இருக்கவே இல்லை. அது இருந்தால்தான் சூடு ஏறுகிறது என்று அப்பா தன் காலத்திலேயே கழற்றித் தூர எறிந்துவிட்டாராம். புதிதாக வாங்கியதை, திறக்கிறதா என்று பார்க்க, பால் காய்ச்சும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தேன். மெதுவாக வாயைத் திறந்தது. அம்மா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இனி இதில் நீயே பால் காய்ச்சிக் குடி என்று சொல்லிப் போய்விட்டாள்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

ரேடியேட்டரை இறக்கி ஈயம் வைப்பவர் கடைக்குக் கொண்டுபோனோம். அப்பா, சோடாபுட்டி, நான். ஈயக்காரர் ஊது விளக்கின் தீயைக் காட்டி ஈயத்தை உருக்கி மேல் தொட்டியைப் பெயர்த்து எடுத்தார். உள்ளே குழாய்களின் வாயெல்லாம் மஞ்சளாக அடைத்துக் கிடந்தது. கம்பியை விட்டுக் குத்தினால் களிமண் மாதிரி வந்தது. பாதிக் குழாய்க்கு மேல் தண்ணீர் போக வழியே இல்லை. யாருய்யா இதுல சமையல் பண்ணினது என்று அவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்புறம் நிறுத்திக்கொண்டார். என் பையன் வேலைதான், ஈயம் வைக்கச் சோம்பல்பட்டு மஞ்சள் தூளைக் கொட்டிக் கொட்டியே ஓட்டியிருக்கிறான், இது அடைத்துத்தான் வண்டி கொதித்து நின்றிருக்கிறது என்றார். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னார்.

"பெத்த அப்பன் நானே சொல்றேன். அவனுக்கு இது வேணும்."

நான் ரேடியேட்டர் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன் அண்ணா. எதுவும் சொல்லவில்லை.

நீ ஒரே ஒரு தடவைதான் போட்டாய். ஊருக்குத் திரும்பும் வழியில் ஊசி முனை அளவு கசிந்தபோது அதை அடைக்க ஒரு கரண்டி மஞ்சள் தூள் போட்டு, வீடு சேரும் வரை தாங்கும், பிறகு ஈயம் வைத்துவிடலாம் என்றாய். பிறகு கசிவே காணோம், தேவலையே என்று விட்டுவிட்டாய். கசிவு நிற்கவில்லை. கிளீனராக உன்னோடு வண்டியில் வந்துகொண்டிருந்த நான்தான் போட்டுக்கொண்டே இருந்தேன். நீ டீ குடிக்க இறங்கும்போதெல்லாம், சமையலறையிலிருந்து மடித்து எடுத்து வந்த பொட்டலத்தைப் பிரித்து உள்ளே கொட்டி மூடிவிடுவேன். வாரத்துக்கு இரண்டு தடவை, சில வாரம் மூன்று தடவை. கரண்டிக் கணக்கு இல்லை, கைப்பிடி. ஏன் தெரியுமா? தண்ணீர் குறைந்தால் கேனைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டு வாசலிலாவது போய் நின்று கேட்க வேண்டியது என் வேலை. முன்பின் தெரியாத வீட்டில் குரல் கொடுத்துக் கூப்பிட வேண்டும். அதற்குப் பயந்துகொண்டுதான். வேறு காரணமே இல்லை.

அன்றைக்கும் அப்படித்தானே. ஏற்றத்தில் கொதித்து, வால் பகுதி வளைவிலேயே இருக்க நின்றுவிட்டது. நட்ட நடு மத்தியானம். கீழே தெரிந்த வீட்டில் தண்ணீர் கேட்டுவரச் சொன்னாய். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி, இதையாவது செய் என்று சிவப்புத் துணியை என் கையில் கொடுத்து, பின்னால் ஐம்பது அடி தள்ளி நின்று வருகிற வண்டிக்கெல்லாம் வீசு, நான் வரும் வரை நகராதே என்று சொல்லிவிட்டுக் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினாய்.

நின்றேன். மூன்று வண்டிக்கு வீசினேன். நான்காவதாக வந்த வேனில் நிறைய ஆண்கள். வேகத்தைக் குறைத்து, என்னென்னவோ சொல்லிச் சிரித்து, ஒருவன் என்னைப் போலவே கையை வீசிக் காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. துணியைச் சுருட்டிக்கொண்டு வண்டியின் முன்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தேன். பின்னால் மோதிய சத்தம் கேட்டது.

இது எதுவும் உனக்குத் தெரியாது. நான் கையில் துணியோடு நின்றேன், மோட்டார் சைக்கிளில் வந்தவர்தான் பார்க்காமல் மோதிவிட்டார் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ வருவதற்குள் அவர் என்னிடம் பேசினார் என்பதும் உனக்குத் தெரியாது.

"தண்ணி இருக்காம்மா?"

அவ்வளவுதான் கேட்டார். இல்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. நீ கேனோடு மேட்டில் ஓடி வந்தபோது அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அப்புறம் நீ செய்ததை நான் மறக்கவே மாட்டேன். என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, "நீ இங்க இல்ல. நீ வண்டியிலயே வரல. புரியுதா?" என்று சொல்லி வரப்பு வழியாகப் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பினாய். வீட்டுக்கு வந்தேன். அம்மா என் சட்டைக் கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள், சட்டையை வாங்கி ஊறவைத்தாள். நீ போலீசில் தனியாகத்தான் வந்தேன் என்று சொன்னாய். அந்த ஒரு சொல்லால்தான், காவலுக்கு ஆள் வைக்காமல் வண்டியைப் போட்டுவிட்டுப் போனவன் ஆனாய்.

ஈயக்கடையிலிருந்து வந்த அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். உன்னைக் கடையில் பேசியதற்கு வருந்தினாரோ என்னவோ, முகத்தில் தெரியவில்லை. ஒருத்தன் உள்ளே இருப்பது போதும், பெண்பிள்ளை பெயர் கோர்ட்டில் ஏறக்கூடாது என்றார். நான் மறுபடி ஆரம்பித்தேன்.

"வாய மூடிக்கிட்டு இருக்கத்தான் உனக்கு நல்லாத் தெரியுமே. அப்படியே இரு."

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து வேலை முடிந்தது. இன்ஜினுக்குள் ஹோஸை வைத்து, வெளியே வரும் தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரித் தெளியும் வரை அலசினேன். கூலன்ட் ஊற்றி, காற்றுப் போக மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டு, குறைந்ததை மறுபடி ஊற்றினேன். கீழே விரித்த அட்டையில் மறுநாள் காலை வரை ஒரு சொட்டு இல்லை. பிறகு பாதி பாரம் ஏற்றி, சோடாபுட்டி ஓட்ட, அப்பாவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதே ஏற்றத்துக்குப் போனோம். சோடாபுட்டிக்கு அது எந்த இடம் என்று தெரியாது. நான் சூட்டு ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் அது ஏறவே இல்லை. வளைவு வந்தது, போனது. பிரமாதம், இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று சோடாபுட்டி சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினைந்து நாள் வேலை அண்ணா. ஒழுகுகிறது என்று நான் உன்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் நீ இந்தப் பதினைந்து நாளை அன்றைக்கே கொடுத்திருப்பாய். அந்த மனிதர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

நேற்று வக்கீல் வீட்டுக்குப் போனேன். தனியாக. வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, எதிர்வீட்டு அம்மாள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டேன். குரல் கீச்சென்று வந்தது, ஆனால் வந்தது. உட்காரவைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று கோபப்பட்டார். காவலுக்கு ஆளை நிறுத்திவிட்டுத்தான் நீ போனாய் என்றால் வழக்கின் கனம் குறையும், முன்பு மாற்றிச் சொன்னதற்கு ஏதாவது திட்டு விழும், அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு என்ன ஆகும் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதைப் பற்றி நீ யோசிக்காதே. ஆனால் நீ வாயைத் திறக்காமல் நான் மட்டும் சொன்னால், அண்ணனைக் காப்பாற்றத் தங்கை கட்டிய கதை என்று தள்ளிவிடுவார்களாம். அதனால் என் சொல் நிற்பதும் விழுவதும் உன் கையில்தான் இருக்கிறது.

போன வாய்தாவுக்கு அம்மாவோடு வந்து கோர்ட்டு வெளியே மரத்தடியில் நின்றேன். இறந்தவருடைய மனைவி அங்கே உட்கார்ந்திருந்தார். நடுவில் எழுந்து குழாயைத் தேடிப் போய், வேலை செய்யவில்லை என்று திரும்பி வந்தார். என் கையில் பாட்டில் இருந்தது. கொடுக்கவில்லை. கடைசியில் அவர் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அதை அவரிடம் சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை அங்கே பிரித்துப் படித்துப் பார்த்துத்தான் உன்னிடம் கொடுப்பார்கள் என்று தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறேன். படிக்கட்டும்.

பதினெட்டாம் தேதி நான் உள்ளே வருவேன். அப்பா வரமாட்டார். அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் நீ தலையை ஆட்டிப் போகச் சொல்லுவாய். நான் போகமாட்டேன். அன்றைக்கு நகர்ந்துவிட்டேன், இந்தத் தடவை நகரமாட்டேன். உன்னோடு யாராவது இருந்தார்களா என்று கேட்பார்கள். நீ எனக்காக இல்லை என்று சொன்னது போதும் அண்ணா. தங்கச்சி இருந்தா என்று மட்டும் சொல். மீதியை நான் சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு ஒரு கெடுதலும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அந்த வளைவில் உன்னோடு இருந்த
உன் தங்கை