போகுவா அத்தை பூட்டிக் கொடுத்த படம்

குவாஜோ, நான் கூமாசிச் சந்தைக்குப் போகிறேன். அடுப்பில் நிலக்கடலைக் குழம்பு இருக்கிறது. குட்டி ஆபெனாவுக்குக் காரமில்லாமல் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

"விட்டுடு சேர்வா, குடும்பத்துல சண்டை வரும்" என்று நீங்கள் சொல்லியும் என் அப்பாவின் இறுதிச் சடங்கு வீடியோவைத் திறந்துவிட்டேன். தன் வீட்டுக் கணினியில் மட்டும் ஓடும்படி பூட்டித்தானே அத்தை கொடுத்தார்? வேறு வடிவத்துக்கு மாற்றினேன். இரண்டு முறை சத்தம் மட்டும் வந்தது. மூன்றாம் முறை படமும் வந்தது.

அன்று வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டே நின்றதில் அப்பாவின் முகத்தை நான் பார்க்கவேயில்லை. இன்றுதான் பார்த்தேன். "நீ உங்க அம்மா குலம்டி, இது எங்க வீட்டுப் படம்" என்று அப்பாவின் கூடப்பிறந்த அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நம் வழக்கில் பிள்ளைகள் அம்மாவின் குலம்தான், ஆனால் அவர் என் அப்பா.

நாலு மணிக்கு அத்தை வருகிறார். முதலில் தண்ணீர் கொடுங்கள், அப்புறம் வந்த காரியத்தைக் கேளுங்கள். முறையில் குறை வேண்டாம். ஆனால் டிவியில் ஓடும் வீடியோவை நிறுத்தாதீர்கள். எனக்காக மன்னிப்பும் கேட்காதீர்கள்.

சேர்வா

மறந்துவிட்டேன்: அப்பாவின் முகம் வரும்போது நம் மகள் ஆபெனாவை டிவி பக்கத்தில் நிற்க வையுங்கள். அதே மூக்கு. அது எந்தக் குலத்து மூக்கு என்று அத்தையே சொல்லட்டும்.