கல்யாணமான மகளும் ரஞ்சன்காவ் பெட்ரோல் பம்பும்

கட்கி, புனே
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகள் கிளாரிசாவுக்கு,

கர்த்தர் கிருபையால் அம்மாவும் நானும் சுகம், என் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளை ஷிபினும் அந்த எட்மண்டன் பனியில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். தமிழ் வாசிக்க வராது என்று சாக்குச் சொல்லாதே, எழுத்துக் கூட்டி வாசி, புரியாவிட்டால் மாப்பிள்ளையைக் கேள், அவருக்கும் புரியாது, அந்தச் சாக்கிலாவது இருவரும் கொஞ்ச நேரம் சேர்ந்து உட்காருவீர்கள்.

விஷயம் இதுதான், கேஸ் ஜெயித்துவிட்டது. ஸ்கூட்டியில் பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுகிற உன் அம்மா ஈனிட், இனி ரஞ்சன்காவ் ரோட்டில் பெட்ரோல் பம்ப் டீலர். ஜெயித்தோம் என்று அவள் உன்னிடம் போனில் கத்தியிருப்பாள், என்ன நடந்தது என்று சொல்லியிருக்க மாட்டாள். தான் நடத்திய பள்ளிக்கூடத்தை மூடி டீச்சர்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவளுக்கு அதிகாரம் பண்ண நான் ஒருவன்தான் மிச்சம், அது போதவில்லை என்றுதான் பெட்ரோல் கம்பெனியின் டீலர் விளம்பரத்தைப் பார்த்து மனுப் போட்டாள். நீ சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்தாயே, உன் பேரில் நான் வாங்கிப்போட்ட இடம், பம்புக்கு அதைத்தான் காட்டினாள். நான் சிரித்தேன். குலுக்கலில் அவள் பேர் வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். அறுபதைத் தாண்டினால் மனுப் போட முடியாது, அவளுக்கு இது போனால் இன்னொன்று கிடையாது.

குலுக்கலில் இரண்டாவதாக வந்தவன் தேஜஸ் என்று ஒரு பையன், அதே ரோட்டில் அவனுக்கும் இடம் இருக்கிறது. அவன் ஒரு புகார் கொடுத்தான். குடும்பத்தார் இடமாக இருந்தால் செல்லும் என்று விதி இருக்கிறது, ஆனால் இந்த இடம் கல்யாணமான மகளுடையது, அவள் இப்போது வேறு குடும்பம், ஆகவே இடத்துக்குத் தகுதியில்லை என்று. கம்பெனியும் ஆமாம் என்று எழுதி அனுப்பிவிட்டது. அதை வாசித்த அன்று உன் அம்மா பம்ப் போச்சே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்து, கட்டிக் கொடுத்துட்டா அவ நம்ம பிள்ளை இல்லையாங்க என்று கேட்டாள். நான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். உன்னிடம் இதைச் சொல்லக்கூடாது என்றாள், அவ அங்க தனியா உட்கார்ந்து நெனச்சுக்கிட்டே இருப்பா என்றாள். மறுநாளே பிம்ப்ரிக்குப் போய் ஸ்வாமிநாதன் வக்கீலைப் பார்த்து மும்பை ஹைகோர்ட்டில் போடச் சொல்லிவிட்டாள்.

விசாரணைக்குப் போன ரயிலில் பார்த்தால் எதிர் சீட்டில் தேஜஸும் அவன் அக்காவும். அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்தவள் அந்த அக்காதானாம், இப்போது லோஹேகாவில் புருஷன் வீட்டில் இருந்துகொண்டு இன்னும் இவன் வீட்டுக் கரண்ட் பில் வரை அவள்தான் கவனிக்கிறாளாம். லோணாவ்லா தாண்டியதும் ஒரு துண்டு கடலைச் சிக்கி நீட்டினாள். எதிராளி வீட்டுச் சிக்கி என்று உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கர்ஜத் வருவதற்குள் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாள்.

கோர்ட்டில் தேஜஸின் வக்கீல் எழுந்து, கல்யாணமான பெண் புகுந்த வீட்டைச் சேர்ந்தவள், பிறந்த வீட்டோடு அவளுக்குப் பாசம் இருக்கலாம், குடும்பம் என்ற உரிமை கிடையாது என்று அடுக்கிக்கொண்டே போனார். பின்வரிசையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அந்த அக்கா எழுந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறாள். தேஜஸ் முகத்தைப் பார்க்கணுமே, பாவமாக இருந்தது. அதற்குள் நம் வீட்டு அம்மாள், யாரும் கேட்காமலே எழுந்து நின்று, அவளுடைய கட்கி மராத்தியில், கல்யாணம் பண்ணித்தான் கொடுத்தேன் சாஹேப், எழுதிக் கொடுத்துடலை என்று சொல்லிவிட்டாள். ஸ்வாமிநாதனுக்கு வேர்த்துவிட்டது. ஜட்ஜ் சிரித்தார் என்று இவள் சொல்கிறாள், நான் பார்த்தவரை அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உட்காருங்கள் என்றார்.

வெளியே வராந்தா பெஞ்சில் அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தேஜஸ் அவள் எதிரே நின்றுகொண்டு, தாயீ என்று அக்காவைக் கூப்பிட்டு, அது வக்கீல் பேச்சு, நான் சொல்லல என்றான். பணம் கொடுத்துச் சொல்ல வச்சது யாரு என்று கேட்டாள். உன் அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து புளிச்சோற்று டப்பாவைத் திறந்தாள். இருவரும் அதே டப்பாவில் சாப்பிட்டார்கள். நானும் தேஜஸும் பசியோடு ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

போன வாரம் தீர்ப்பு வந்தது. விதியில் மகள் என்றுதான் இருக்கிறது, கல்யாணமாகாத மகள் என்று இல்லை, கல்யாணத்தால் ஒருத்தி மகள் இல்லாமல் போய்விட மாட்டாள், இடம் செல்லும். இத்தனை வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் அந்த வரியை என்னை வாசிக்கச் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். தேஜஸ் தில்லி சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போவான் என்று பயந்தோம். வெள்ளிக்கிழமை அக்காவோடு வீட்டுக்கே வந்து, உன் அம்மாவைப் பார்த்து, காக்கூ, நான் தில்லி போகல என்றான். போனாலும் தோத்திருப்பே, டீயைக் குடி என்றாள் இவள். அவனுக்கு வயசு இருக்கிறது, அடுத்த விளம்பரத்துக்குப் போடச் சொல்லி இப்போதே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பையனை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

நீ காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே. நீ எங்கள் பிள்ளை என்று இப்போது ஹைகோர்ட்டே எழுதிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை போன் வராவிட்டால் அது கோர்ட் அவமதிப்பு. ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

ஒரு ஞாபகம். கம்பெனிக்கு இடத்தைக் குத்தகைக்கு எழுதிக் கொடுக்க உன் கையெழுத்து வேண்டும். அங்கிருந்தே பவர் ஆஃப் அட்டர்னி அனுப்பினால் போதும் என்று ஸ்வாமிநாதன் என்னிடம் சொல்லியிருக்கிறார். உன் அம்மா நீ நேரில் வந்தால்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டு, உன் அறையைச் சுத்தம் பண்ணித் திரை எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டாள். நான் திருத்தவில்லை. நீயும் திருத்தாதே, டிக்கெட் போடு.

உன் அப்பா,
இன்பநாதன்