எண்ணெய் என்று எழுதியிருந்தது

உங்களைக் கொன்றது ஒரு பொய். டேங்கர் லாரியின் பின்புறம் பச்சைப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்த 'சமையல் எண்ணெய்' என்ற பொய். எல்லோரும் அதை விபத்து என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், அண்ணா.

இன்று காலை டீசல் போட ஆம்புலன்ஸை பங்கில் நிறுத்தியபோது, முன்னால் ஒரு டேங்கர் நின்றது. அதே பச்சை எழுத்து. கீழே அதே லாரி முதலாளியின் போன் நம்பர். பக்கத்தில் ஒரு டீக்கடைகூட இல்லை, ஆனால் எனக்கு வெங்காய வாசனை அடித்தது. இறங்கிப் போய் டிரைவரிடம், "உள்ள என்னங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"அதான் எழுதியிருக்குதில்ல. படிக்கத் தெரியாதா?"

அன்று நாமும் படித்தோம்.

நம் வேலையில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவரை பைலட் என்பார்கள். "பொம்மிடியில ரயிலைப் பாத்து வளந்தவன் நானு. என்னைப் போயி பைலட்டுங்கறாங்க" என்று சிரிப்பீர்கள். நீங்கள் ஓட்ட, பின்னால் அடிபட்டவர்களை நான் பார்த்துக்கொள்வேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் கட்டுத்துணியைக் கிழித்து ஒரு முழத்துக்குக் கட்டி வைத்திருப்பீர்கள். எங்கே லாரி கவிழ்ந்தாலும் அந்தத் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு, காற்று நம் முதுகுப் பக்கம் இருக்கும்படி தள்ளித்தான் நிறுத்துவீர்கள். புகையோ ஆவியோ நம் மேல் வராது. வேலைக்கு வந்த புதிதில் நான் கிண்டல் செய்தேன். "ஏண்ணா, வண்டிக்கு ரிப்பன் கட்டி ஸ்கூலுக்கு அனுப்பறீங்களா?"

"முடி இருந்தா ரெட்டைச்சடையே போட்டுவிட்டிருப்பேன். நீ ஏறும்மா."

அந்தத் துணியைத் தவிர நமக்கு வேறு பாதுகாப்பு இல்லை. ஆபீஸில் விஷவாயுவுக்கு முகமூடி கேட்டீர்கள். கொரோனாவில் மிஞ்சிய மாஸ்க் பெட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று மத்தியானம் தொப்பூர் கணவாயில் அந்த டேங்கர் சாய்ந்து கிடந்தது. சாலையோரப் பள்ளத்தில் இளமஞ்சளாக, எண்ணெய் போலவே வழிந்து தேங்கிக்கொண்டிருந்தது. குடமும் கேனுமாகச் சனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் முகம் சுளித்தேன்.

"திட்டாத. வூட்ல எண்ணெ இருந்தா எதுக்கு வராங்க?" என்றீர்கள். லாரியின் எழுத்தைப் படித்தீர்கள். லேசாக வெங்காய வாசனை வேறு. "எண்ணெ வந்துருச்சு, வெங்காயம் வந்துருச்சு. கடலமாவு லாரி ஒண்ணு கவுந்தா பஜ்ஜி போட்டுரலாம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காற்று லாரிப் பக்கமிருந்து அடிக்க, கண்ணாடியில் கட்டுத்துணி நம்மைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. எண்ணெய்க்கு யார் காற்றுப் பார்ப்பார்கள்? லாரிக்குக் கிட்டவே கொண்டுபோய் நிறுத்தினீர்கள்.

கால் முறிந்து கிடந்த டேங்கர் டிரைவரை இருவருமாகத் தூக்கி ஏற்றினோம். அதற்குள் உங்கள் கண் சிவந்து நீர் கொட்டியது. பள்ளத்தில் நின்றவர்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"எண்ணெக்குக் கண்ணு எரியாதே" என்றீர்கள். டிரைவரை உலுக்கினேன். "தெரியாதும்மா. சீல் வெச்சுக் குடுத்தாங்க. எண்ணெனுதான் சொன்னாங்க" என்று அழுதார்.

"கொடத்தப் போட்டுட்டு மேல ஏறுங்க! இது எண்ணெ இல்ல!" என்று கத்திக்கொண்டே பள்ளத்தில் இறங்கினீர்கள். நடுவில் நின்ற ஒரு அக்கா நகரவில்லை.

"நாங்க அள்ளுனா உனக்கு என்ன நோவுது?"

"உன் கொடத்தை நானே ரொப்பித் தரேன், ஏறுக்கா மொதல்ல!"

அவரை இழுத்துக்கொண்டு மேலே வந்தீர்கள். மறுபடி இறங்கினீர்கள். பள்ளம் காலியாகும்வரை இறங்கி ஏறினீர்கள். கடைசியாக ஏறியபோது உங்களுக்குக் குரல் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். "என்ன கெமிக்கல்? பேரு தெரிஞ்சாத்தான் எதுக்கு வைத்தியம் பண்றோம்னு தெரியும்." லாரியில் இருந்த நம்பரைக் கூப்பிட்டேன். "எண்ணெதாம்மா. வண்டியிலயே எழுதியிருக்குதே" என்றார் முதலாளி. உங்கள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. கெஞ்சினேன். போனை வைத்துவிட்டார். பேச முடியாமல், இடுப்பில் குடம் வைப்பதுபோல் கையை வைத்துக் காட்டினீர்கள். அந்த அக்காவைக் கேட்கிறீர்கள் என்று புரிந்தது. "நல்லா இருக்காங்கண்ணா" என்றேன். மறுநாள் நீங்கள் இல்லை.

எண்ணெய் அள்ள வந்த கும்பலால் மீட்புப் பணி தாமதம் என்று செய்தி போட்டார்கள். விஷம் என்று எழுதினால் வழியெல்லாம் செக்போஸ்டில் நிறுத்துவார்கள், எண்ணெய் என்று எழுதினால் கைகாட்டி அனுப்புவார்கள். அதை எவரும் செய்தி போடவில்லை. குடம் தூக்கியவர்களைத் திருடர்கள் என்று சொல்வது சுலபம். பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மூடினார்கள். நான் படியேறிய ஆபீஸ்களில் எல்லாம் "விசாரணை நடக்குதும்மா" என்றார்கள்.

அந்த அக்கா இன்னும் கிசுகிசுத்துத்தான் பேசுகிறார். படியேறினால் மூச்சு வாங்குகிறது. எந்த டாக்டரிடம் போனாலும் எதைச் சுவாசித்தீர்கள் என்றுதான் கேட்கிறார்களாம். "அது என்னன்னு தெரிஞ்சுதா கண்ணு?" என்று என்னைக் கேட்கிறார். இப்போது நம் வண்டியின் கண்ணாடியில் கட்டுத்துணி கட்டுவது நான்தான். புது பைலட் சிரிக்கிறான். எண்ணெய் என்று எழுதியிருந்தாலும் முதலில் துணியைப் பாரு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை பங்கில் நின்றபடியே அந்த நம்பரைக் கூப்பிட்டேன். அதே குரல்.

"தொப்பூர்ல கவுந்த வண்டிக்குள்ள என்னங்க இருந்துச்சு? பேரை மட்டும் சொல்லுங்க."

முன்னால் நின்ற டேங்கரின் பச்சை எழுத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி கேட்டேன்.

"பேரைச் சொல்லுங்க."