சுறாவிடம் நலம் விசாரித்தவனும் மூன்று பந்துகளும்

கொழும்பு
18.01.2009

அன்பு மருமகள் உசாந்திக்கு,

கதிரவெளிக் கடலின் சக்கரவர்த்தியும், தற்சமயம் கொழும்புக் கடையொன்றின் காவற்காரருமாகிய உன் மாமா எழுதுவது. எல்லோரும் சுகமா? மாமியின் முழங்கால் வலி எப்படி?

என் நுரையீரல் புற்றுக்கட்டியை வெட்டுவதற்கு முன் மூச்சைப் பலப்படுத்த வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மிஸ், மூன்று பந்துகள் போட்ட பெட்டியொன்றைத் தந்தார். குழாயால் மூச்சை இழுத்தால் பந்துகள் எழும்பும்.

"எந்த ஊர் ஐயா? கடல்ல மூழ்குவீங்களா? எவ்வளவு நேரம் மூச்சடக்குவீங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார்.

எனக்குப் பொறி தட்டியது. சண்டை நடக்கிற நேரத்தில் எங்கள் வாகரைப் பக்கத்தானின் மூச்சை அளப்பது எதற்கு? கடற்புலி என்று பிடிக்கத்தானே! கல்லில் மாட்டிய வலையை ஒரே மூச்சில் மீட்டு, வழியில் சுறாவிடமும் நலம் விசாரித்தவன் நான். அதை மறைத்து, நான்கு நாளும் ஒரு பந்தை மட்டும் எழுப்பினேன்.

நேற்று மிஸ் சொன்னார்: "இந்த மூச்சுக்கு டொக்டர் ஒப்பரேசன் செய்ய மாட்டார் ஐயா. வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"அப்ப நீங்க சிஐடி இல்லையா மிஸ்?"

"ஐயோ, நான் பதுளை மலைநாட்டுப் பிள்ளை ஐயா! பயிற்சிக்குத்தான் கேட்டேன்."

உடனே முழுப்பலத்தோடும் இழுத்தேன். இரண்டு எழும்பின. மூன்றாவது அசையவேயில்லை. இம்முறை நான் எதையும் மறைக்கவில்லை, மகள்.

இப்போதைக்கு இரண்டு போதும், இரண்டு கிழமையில் மூன்றும் எழும்பும் என்கிறார். நாளைக்குப் படியேற வைத்து மூச்சைப் பார்ப்பாராம். அதிலும் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது.

கொஞ்சம் கருவாடு அனுப்பு. மாமி கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டேன். மிஸ் வருகிறார், நிறுத்துகிறேன். மாமிக்கு வாசித்துக் காட்டும்போது, மூன்றும் எழும்பின என்றே வாசி.

மாமா
வீரகத்தி