அப்பா நீட்டிய கை

செப். 3, புதன். தூறல்.

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்தக் கொப்பியைத் தவிர வீட்டில் விழித்திருப்பவர் யாருமில்லை. பாப்பாவுக்குப் பல் முளைக்கிற கரைச்சல், தூங்கப் பதினொன்றரை. அவளுக்கு முன்னமே அவள் அப்பா ரொஷானின் குறட்டை.

பின்னேரம் கோயிலில் வரவேற்புக் குழுக் கூட்டம். ஞாயிறு மாதா திருநாள். அன்று தமிழ்ப் பூசையில் பாப்பாவுக்கு ஞானஸ்நானமும். எனக்கு விழுந்த வேலைகள்:
– வாசலில் சந்தனத் தட்டு
– பூசைக்கு முன் மைக்கில் நல்வரவு வாசிப்பது
– வெளியூர் வேன்களில் வருகிறவர்களுக்குப் பிளேன் டீ, பணிஸ் (பன்)

குழுத் தலைவி பிலோமினா அக்கா என்னை ஒத்திகைக்கு நிறுத்தினார். "கொஞ்சம் சிரி புள்ள. சந்தனம் வைக்கிறியா, ஊசி போட வர்றியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வீட்டுக்கு வந்ததும் கம்பளையில் அப்பா வீட்டுக்கு டெலிபோன். தம்பி சசிதான் எடுத்தான். அப்பா வருவாரா? "பாப்போம்னு சொல்றாரு அக்கா." இரண்டு வருடமாக இந்தப் பாப்போம். வரமாட்டார். தெரியும். இருந்தும் முன்வரிசையில் எங்கள் குடும்பத்துக்கு ஒதுக்கிய கதிரைகளில் ஒன்றில் அவர் பெயரை எழுதி ஒட்டச் சொன்னேன்.

செப். 4, வியாழன். நாள் முழுக்க மழை. நாப்கின் எதுவும் காயவில்லை.

அந்தோனி மாமாவிடம் கேட்டே விட்டேன். மண்டபத்தில் நீல வெள்ளைக் கொடிகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். பூசையில் நன்மை, அதாவது ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும் கொடுக்கும் நற்கருணை அப்பம், வாங்குகிற வரிசையை ஒழுங்குபடுத்துவது பல வருடங்களாக அவர்தான்.

அன்று நடந்ததை ஒரு முறையாவது எழுதி வைக்க வேண்டும். இதே கோயில், என் கல்யாணப் பூசை. அதற்கு மூன்று மாதம் முன்புதான் நானே ஞானஸ்நானம் பெற்றிருந்தேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தோட்டத்து அம்மன் கோயிலை விட்டால் வேறு கோயில் அறியாதவர். கோயிலுக்குப் போகும் நாளில் பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அன்றும் அப்படித்தான் வந்திருந்தார். நன்மை கொடுக்கும்போது எல்லாரோடும் எழுந்து வரிசையில் வந்தார். தீர்த்தம் வாங்குகிற மாதிரி இடது கைமேல் வலது கையைக் குழித்து நீட்டினார். ஃபாதரின் கை பாதியில் நின்றது. அந்தோனி மாமா பக்கத்தில் வந்து, "ஐயா, இது உங்களுக்கு இல்ல" என்று சொல்லி அப்பாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். மெதுவாகத்தான். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பா பக்கத்துக் கதவால் வெளியே போனார். சாப்பாட்டுக்கும் நிற்கவில்லை. அதன் பிறகு அவர் இங்கே கண்டிக்கு வந்தது ஒரே முறை, பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு. பத்து நிமிடம்.

மாமாவுக்கு ஞாபகமே இல்லை.

"எந்த அப்பா?"

"எங்கப்பா மாமா. கல்யாணத்துல கைய நீட்டினாரே."

"அப்பிடியா? ஒவ்வொரு திருநாளுக்கும் நாலஞ்சு பேரு பிரசாதம்னு நெனச்சு வருவாங்கம்மா. நான் பாவம் பாத்து விட்டா ஃபாதர் என்னைப் பிடிப்பாரு. கோவிச்சுக்கிட்டாரா? அடடா."

உண்மையாகவே வருத்தப்பட்டார். பாப்பாவுக்கு ஒரு டொபி கொடுத்தார். அவளுக்கு இருப்பதே இரண்டு பல்.

கோபப்படக்கூட ஆளில்லை.

செப். 6, சனி. வெயில், பிறகு மூடல்.

வாங்க வேண்டியவை: கற்கண்டு, பாப்பாவுக்கு வெள்ளைச் சொக்ஸ், ஊசி, பனடோல் சிரப். சொக்ஸ் கிடைக்கவில்லை.

நல்வரவு வாசகத்தில் நான் சேர்த்த வரிகளை ஃபாதரிடம் காட்டினேன். 'நன்மை வாங்காதவர்களும் வரிசையில் வரலாம். கைகளை நெஞ்சின்மேல் குறுக்காக வைத்து வந்தால் ஃபாதர் ஆசீர்வதிப்பார். இருந்த இடத்திலேயே இருக்க விரும்பினாலும் நல்லதே.' இரண்டு தடவை படித்தார். "இத நாம எப்பவோ செஞ்சிருக்கணும்" என்றார். எப்பவோ. ஆமாம்.

இரவு கம்பளைக்கு எடுத்தேன். அதிசயம், அப்பாவே பேசினார்.

"பாப்பா சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறாப்பா. நாளைக்கு—"

"மழைல வெளிய தூக்கிட்டுப் போகாத. சரிம்மா, வச்சிர்றேன்."

அந்த வரிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மறுபடி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், அதையும் எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு அப்பா டெலிபோனில் கேட்டார்: "அங்க என்னா செய்யணும்னு எனக்கு ஒண்ணும் தெரியாதேம்மா." தலையில் ரோலர், கையில் காயாத மருதாணி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் டெலிபோன். நான் சொன்னேன்: "முன்னுக்கு இருக்கிறவங்க செய்றதப் பாத்து அப்பிடியே செய்யுங்கப்பா. எந்திரிச்சா எந்திரிங்க, போனா போங்க."

அவர் அப்படியே செய்தார்.

பிறகு ரொஷான் வீட்டில், "பாவம், தெரியாம வந்துட்டாரு" என்று பேசியபோது நானும் தலையாட்டினேன். கம்பஸில், பல்கலைக்கழக விவாத மேடையில், பேசியவள். இதற்கு வாய் திறக்கவில்லை. அப்பாவும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. சசிக்குக்கூட இன்றுவரை தெரியாது.

செப். 7, ஞாயிறு. போயா, பௌர்ணமி. காலையில் மட்டும் வெயில்.

ஏழு மணியிலிருந்து வாசலில். சந்தனம், கற்கண்டு, "வாங்க, வாங்க". ஹட்டன் பக்கத்திலிருந்து இரண்டு வேன். அதிலிருந்து இறங்கிய ஒருவர், "பிஷப் வந்தா மாலை, எங்களுக்குப் பொட்டு மட்டுந்தானா?" பிலோமினா அக்கா: "மாலைய போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனா சம்சாரம் உள்ள விடுமா அண்ணே?" அவர் சம்சாரம் பின்னாலேயே நின்றார். "மாலையில்லாமலே விடுறதில்ல" என்றார்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒவ்வொரு வயதானவரும் தூரத்தில் அப்பா. கிட்டே வந்தால் இல்லை. மணி அடித்ததும் தட்டைக் கீழே வைத்தேன்.

வாசித்தேன். நான் சேர்த்த வரிகளில் யாரும் தலை நிமிர்த்தவில்லை. எல்லாரும் கோயில்காரர்கள், யாருக்கு அது தேவை? அப்பாவின் கதிரையில் யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள்.

ஃபாதர் சுவிசேஷம் வாசிக்கும்போது சசி வந்தான். தனியாக. தலையில் தண்ணீர் ஊற்றியபோது பாப்பா அழவில்லை, ஃபாதரின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நன்மை நேரத்தில் சசி கைகளைக் குறுக்கே கட்டி வரிசையில் வந்தான். ஃபாதர் தலையில் கை வைத்தார். அந்தோனி மாமா அவன் முதுகில் தட்டி வழிவிட்டார். அவ்வளவு சுலபம். இரண்டு வருடம் முன்பும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

மண்டபத்துக்குப் பின்னால் சசி: "பிரின்சிபல்கிட்ட போற மாதிரிப் போனேன் அக்கா. அடி விழல."

"அப்பா?"

சிரிப்பை நிறுத்தினான். "கெளம்பித்தான் வந்தாரு. வெள்ளச் சட்டை. காலைல தேத்தண்ணிகூடக் குடிக்கல. பஸ்ஸுல ஒரு கால வச்சிட்டு எறங்கிட்டாரு."

"ஏன்டா?"

"'அங்க என்னா செய்யணும்னு எனக்குத் தெரியாது, நீ போயிட்டு வா'ன்னாரு. சும்மா வந்து ஒக்காருங்கப்பான்னேன். கேக்கல. கடைல ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்கன்னேன், வேணாம், பூசை முடியட்டும்னுட்டாரு."

பணிஸ் மிஞ்சிவிட்டது. ஒரு பார்சல் கட்டி அவனிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? அப்பா பணிஸ் சாப்பிடமாட்டார்.

ரொஷான்: "எல்லாம் நல்லா நடந்துச்சு, இன்னும் என்னத்துக்கு அழுற?" அவனிடம் சொல்லிப் பயனில்லை.

செப். 8, திங்கள். மழை.

கொடிகளை இறக்கியாயிற்று. பாப்பாவுக்கு இலேசான காய்ச்சல், 99.8. டெலிபோனில் இதைப் பேச எனக்கு வராது, அவரும் கேட்கமாட்டார். கடிதம். தபாலில் போட்டாலும் அவர் மனம் மாறும் என்று நம்பவில்லை. முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அப்பாவுக்கு,

நீங்க அன்னைக்குப் பிழையா எதுவும் செய்யல. என்ன செய்யணும்னு என்கிட்டக் கேட்டீங்க. எனக்கே சரியாத் தெரியாம அவசரத்துல ஒண்ணச் சொன்னேன். அதத்தான் செஞ்சீங்க. எல்லாரும் உங்களுக்குத் தெரியலன்னு சொன்னப்ப நான் பேசாம இருந்துட்டேன். சசிக்கும் ரொஷானுக்கும் நானே சொல்லிர்றேன்.

நேத்து உங்க கதிர காலியா இருந்துச்சு. கோயிலுக்கு வராட்டியும் பரவாயில்லப்பா, வீட்டுக்கு வாங்க. வீட்டுல நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்ல. பாப்பாவத் தூக்கினாப் போதும்.

எப்ப வருவீங்கன்னு பதில் போடுங்க. வரமாட்டீங்கன்னாலும் அதையாவது எழுதுங்க. சீக்கிரம் எழுதுங்கப்பா.