பெயர் போடாத பன்னிரண்டாவது பெண்

ஒஹாயோ,
9 மார்ச் 1883

அன்பு மகள் லவீனியாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று செவ்வாய்க்கிழமை வந்த உங்கள் கல்லூரிப் பத்திரிகையில் பார்த்தோம், அதனால் இந்தத் தடவை சுகமா என்று கேட்கப் போவதில்லை.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், கோபப்படாதே. போன அக்டோபரில் நீயும் லத்தீன் வகுப்புப் பையன் ஒருவனும் ஒரே குடையில் நடந்ததை அந்தப் பத்திரிகை துணுக்குப் போட்டுக் கிண்டலடித்ததே, தபாலாபீஸ்காரர் அதைப் படித்துச் சிரித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். வந்த ஆத்திரத்தில், என் மகள் பெயர் இனி ஒரு தடவை உன் தாளில் வந்தால் ரயிலேறி வந்து காதைத் திருகுவேன் என்று பத்திராசிரியனுக்கு எழுதிப் போட்டேன். அந்தப் பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டான்.

பிப்ரவரியில் பெண்கள் விடுதியில் விஷக்காய்ச்சல், பன்னிரண்டு பேர் படுக்கையில், கடிதம்கூட வெளியே போகக்கூடாது என்று டாக்டர் உத்தரவு என்று போட்டிருந்தது. கீழே பெயர்களை எண்ணினேன், பதினொன்றுதான் இருந்தது. உன் பெயர் இல்லையென்று உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான் திருட்டு முழி முழித்துவிட்டுக் கடைசியில் நான் போட்ட கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "பெத்த பொண்ணு எப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்கக்கூட வழியில்லாம பண்ணிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். நேரில் வரலாமென்றால் பனியில் ரயில் நின்றுவிட்டது, தந்திக் கம்பியும் அறுந்து கிடந்தது. அடுத்த வாரம் தபால் மட்டும் குதிரைச் சறுக்குவண்டியில் வந்தது, பத்திரிகையில் எழுந்து நடமாடுகிறவர்கள் என்று ஒன்பது பெயர் இருந்தது. கறுப்புக் கட்டம் போட்ட செய்தி வந்தால் அதிலாவது உன் பெயரைப் போடுவானா, அதிலும் எனக்குப் பயந்து விட்டுவிடுவானா என்று நினைத்து நினைத்துத் தினமும் தபாலாபீசுக்கு நடந்தேன்.

செவ்வாயன்று வந்த துணுக்கு இது: "எந்த மாணவியின் பெயரை அச்சிடக் கூடாதென்று அவர் தகப்பனார் தடை விதித்திருக்கிறாரோ, அந்த மாணவி ஞாயிறு காலை படுக்கையை விட்டு எழுந்து ஒன்பது பான்கேக் தின்றார். பாகு போதவில்லை என்று சமையற்காரியோடு சண்டையும் போட்டார்." தபாலாபீசில் பத்துப் பேர் பார்க்க அழுதேன், போகட்டும். "சண்டை போட்டிருக்கா பாருங்க, நம்ம பொண்ணேதான்" என்று உன் அம்மா அதை வாங்கி வாங்கிப் படித்தாள். அன்றைக்குத்தான் என்னோடு பழையபடி பேசினாள்.

மேப்பிள் மரப் பாகு காய்ச்சத் தொடங்கிவிட்டோம். சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இரண்டு டின் பாகும் கம்பளிக் காலுறையும் அனுப்புகிறோம், ஈரக் காலோடு வகுப்புக்குப் போகாதே, சமையற்காரியிடம் மன்னிப்புக் கேள். உத்தரவு நீங்கியதும் இரண்டு வரியாவது எழுது. கர்த்தர் உன்னைக் காத்து நீண்ட ஆயுசு தருவாராக.

மறந்துவிடாதே, இரண்டாவது டின் அந்தப் பத்திராசிரியனுக்கு. தடையை எடுத்துவிட்டேன் என்று சொல். குடையோ சண்டையோ எதை வேண்டுமானாலும் போடட்டும். ஆனால் பெயரை முழுசாகப் போடட்டும், லவீனியா பென்ரோஸ் என்று.

இப்படிக்கு,
அந்தத் தடை போட்ட தகப்பன்,
எலிஷா பென்ரோஸ்